கிராம்பு, படிவம், வீடு: ஒரு பருவத்தின் நாட்குறிப்பு

பிப்ரவரி 3, 2025, திங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் மாறாமலையிலிருந்து கிராம்பின் பச்சை மொக்கு 3 கிலோ வந்திருக்கிறது. காய்ந்தால் ஏறக்குறைய 1 கிலோ நிற்கும். பச்சை மாறி இளஞ்சிவப்பு ஏறுகிற பதத்தில் பறித்தது பாதிதான். மீதியில் சில விரிந்தே விட்டன. விரிந்த மொக்கு காயும்போது தலை உதிர்ந்துவிடும், எண்ணெயும் குறையும். ஒரே மரத்தில் எல்லாக் கொத்தும் ஒன்றாகப் பதத்துக்கு வராது. அதனால் ஒரே மரத்துக்குப் பலமுறை ஏற வேண்டும், ஏறுகூலியும் அத்தனை முறை. தலையில்லாக் கிராம்பு சந்தைக்கு வருவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கூலிக் கணக்கு.

காம்பு கிள்ளிப் பாயில் மெல்லிசாகப் பரப்பியாயிற்று. வெயில் நன்றாக இருந்தால் 4, 5 நாள். சாயங்காலம் குவித்து மூடிவைக்கிற வழக்கத்தை மட்டும் விட வேண்டும். ஈரமொக்கு குவியலில் சூடேறிப் புளிக்கும். பிறகு எவ்வளவு காய வைத்தாலும் வெளிறிச் சுருங்கித்தான் இருக்கும், அந்தக் கரும்பழுப்பு வராது.

பிப்ரவரி 5, புதன்

போன வாரத்துக் காய்ந்த சரக்கில் ஈரப்பதம் பார்த்தது. 105 டிகிரி அடுப்பில் வைத்து எடை இழப்பைக் கணக்கிடுவது கிராம்புக்கு ஒத்துவராது. தண்ணீரோடு எண்ணெயும் ஆவியாகும், நன்றாகக் காய்ந்த சரக்கும் ஈரச் சரக்காகக் காட்டும். டொலுவீன் என்ற கரைப்பானை ஊற்றி வடிக்க வேண்டும். அளவுக் குழாயின் அடியில் தண்ணீர் தனியாகத் தேங்கும், நேரே படிக்கலாம்.

அடுத்தது எண்ணெய் அளவு. எண்ணெயை வடித்து அளக்கிற கிளெவெஞ்சர் கருவியில் பலரும் வழுக்குவது இங்கேதான். ஏலக்காய் எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். கிராம்பு எண்ணெய் மூழ்கும், அடர்த்தி 1.05 பக்கம். மிதக்கும் எண்ணெய்க்கான குழாயைப் போட்டால் எண்ணெய் அடியில் இறங்கி, திரும்பும் தண்ணீரோடு குடுவைக்கே போய்விடும். அளவு குறைவாக வந்ததும் 'சரக்கு மோசம்' என்று எழுதிவிடுவார்கள். கனத்த எண்ணெய்க்கான குழாய் இல்லையென்றால் 4 கிராம் கிராம்பு, குழாயில் 0.5 மில்லி சைலீன். சைலீன் எண்ணெயைக் கரைத்து மேலே தூக்கும். கடைசியில் அந்த 0.5-ஐக் கழித்துவிடலாம். அதே சைலீனுக்கு 25 கிராம் கிராம்பு போட்டால் கலவையே தண்ணீரைவிடக் கனத்து மூழ்கும். பிறகு சைலீன் ஊற்றியும் பயனில்லை.

கிராம்பைப் போடுவதற்குச் சற்று முன்தான் பொடிக்க வேண்டும். முந்தின நாள் பொடித்தது வீட்டையே மணக்க வைக்கும். மணத்தது எல்லாம் கணக்கில் நட்டம். மருந்துத் தரத்துக்கு 100 கிராமில் 15 மில்லிக்குக் குறையக் கூடாது.

பிப்ரவரி 6, வியாழன்

கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடு (ஜிஐ) 2021-லேயே வந்துவிட்டது. ஆனால் விளைவிப்பவர் ஒவ்வொருவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியாகப் பதிய வேண்டும். படிவம் ஜிஐ-3, கட்டணம் 10 ரூபாய். 2020-க்கு முன்பு 500. கட்டணம் யாரையும் தடுக்கவில்லை, பட்டாதான் தடுக்கிறது. இன்று பார்த்த 6 ஆவணக் கட்டுகளில் 4-இல் பட்டா இன்னும் தாத்தா பெயரில். ஒன்றில் ஆதாரில் ஒரு இனிஷியல், பட்டாவில் வேறு.

வாரிசுச் சான்று வாங்கி வந்தபிறகுதான் எதுவும் நடக்கும் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். சட்டம் அப்படிக் கேட்கவில்லை. 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் பிரிவு 2(1)(கே) 'உற்பத்தியாளர்' என்கிறது, நில உரிமையாளர் என்று சொல்லவில்லை. விளைபொருளைப் பதப்படுத்துபவரும், பொதி கட்டுபவரும் அதில் அடக்கம். குத்தகைச் சீட்டும் விற்பனை ரசீதும் உள்ள குத்தகைதாரர் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம்.

பிப்ரவரி 8, சனி

பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய்க் களிம்பு, காப்புரிமை கிடைக்குமா என்று ஒரு கேள்வி. கிராம்பு பல்வலிக்கு என்பது பாட்டி காலத்து அறிவு. காப்புரிமைச் சட்டம் பிரிவு 3(p) அங்கேயே நிறுத்திவிடும். உலர்த்தும் சட்டகத்தில் புது அமைப்பு இருந்தால் அது வேறு கதை. தற்காலிக விவரக்குறிப்பு போட்டால் முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம்; ஒரு நாள் பிந்தினாலும் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். தனிநபர் விண்ணப்பதாரரில் ஒரு பெண் இருந்தாலே படிவம் 18ஏ-இல் விரைவுப் பரிசோதனை கேட்கலாம். 2019 முதல் இருக்கிறது, கேட்டவர்கள்தான் குறைவு.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாமிக்கு மருந்து எடுத்தாயிற்று. மகளுக்கு நாளை கணக்குப் பரீட்சை, அதனால் நாளை வடிப்பு இல்லை. 5 மணி நேரம் கருவியை விட்டு நகர முடியாத வேலை அது. படிவம் எழுதுவதை இடையில் நிறுத்திவிட்டு எழுந்து போகலாம். வாரத்தைப் பிரிப்பது இந்த ஒரு விதியை வைத்துத்தான். கெடு தேதி எல்லாம் நாள்காட்டியில் 10 நாள் முந்தியே குறித்தாயிற்று, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஈடுகட்ட.

பிப்ரவரி 11, செவ்வாய்

புவிசார் குறியீட்டுப் பயனாளர் பதிவு 10 ஆண்டு, அல்லது குறியீட்டின் பதிவு முடியும்வரை, எது முந்துகிறதோ அது. குறியீட்டின் காலம் முன்பே ஓடத் தொடங்கிவிட்டது, ஆக இன்று பதிகிறவருக்கு முழுப் பத்தாண்டு கிடைக்காது. சான்றிதழில் தேதியைப் பார்க்காமல் பை அச்சடிக்கக் கொடுக்கக் கூடாது. பொய்யாகக் குறியீட்டைப் போட்டால் அதே 1999 சட்டத்தின் பிரிவு 39-இல் 6 மாதம் முதல் 3 ஆண்டு சிறை, அதோடு 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம்.

பிரிவு 24-ஐப் பலர் படிப்பதில்லை. இந்த உரிமையை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது, ஆனால் பயனாளர் இறந்தால் வாரிசுக்குப் போகும். அப்படியானால் விண்ணப்பத்தில் யார் பெயர் என்பது சின்னக் கேள்வி இல்லை. காம்பு கிள்ளுவது, பாய் விரிப்பது, நகத்தால் அழுத்தி எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பது எல்லாம் பெண்கள். படிவத்தில் வருவது பட்டாக்காரர் பெயர்.

"எனக்க பேருல போட்டா ஆருக்கு என்ன லாபம் மக்களே?" என்று கேட்டார் கிராம்பு கொண்டுவந்த அம்மா. போட முடியும், ஆனால் ஒரு முட்டு. சரக்கு வாங்கிய ரசீது எல்லாம் கணவர் பெயரில். அந்த அம்மா பதப்படுத்துகிறார் என்று காட்ட ஒரு தாளும் இல்லை. இந்தப் பருவத்தில் இன்னும் இரண்டு பறிப்பு இருக்கிறது. அடுத்த மூட்டைக்கு ரசீது அம்மாவின் பெயரில், எடையும் தேதியும் போட்டு. கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு: பறித்த நாள், பச்சை எடை, காய்ந்த எடை. இரண்டும் கைக்கு வந்ததும் ஜிஐ-3 போகும்.