பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளியில் சரவுண்ட்: ஹாஃப்லர் ஒயரிங்

ஓடிடியில் படம் 5.1 ஒலியோடு (முன்னால் இடது, நடு, வலது; பின்னால் இரண்டு; பாஸுக்கு ஒன்று) வருகிறது. வீட்டில் இருப்பதோ இரண்டு ஸ்பீக்கர் போடும் ஸ்டீரியோ ஆம்ப்ளி. டிவி அத்தனை சானலையும் இரண்டாக மடக்கித்தான் கொடுக்கும். மடக்கும்போது பின்பக்கச் சத்தம் அழிந்துவிடுவதில்லை. இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தில் அது இருக்கிறது. அதை வெளியே எடுக்க 8 ஓம் சின்ன ஸ்பீக்கர் இரண்டும் கொஞ்சம் ஒயரும் போதும். டைனகோ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேவிட் ஹாஃப்லர் 1970களின் தொடக்கத்தில் பரப்பிய இணைப்பு இது. இன்றைய ஸ்ட்ரீமிங்குக்கும் அப்படியே பொருந்துகிறது என்பதால்தான் விரிவாக எழுதுகிறேன்.

கணக்கு எளிது. மடக்கும்போது நடு சானலை 3 டெசிபல் குறைத்து, அதாவது 0.707 ஆல் பெருக்கி, இரண்டு பக்கமும் ஒரே அளவில் கலப்பார்கள். வசனம் முழுக்க நடு சானலில்தான் இருக்கும். இடதிலிருந்து வலதைக் கழித்தால் அது பூஜ்யம். மிஞ்சுவது மழை, கூட்டம், அரங்கத்தின் எதிரொலி, பக்கவாட்டு இசை. பின் ஸ்பீக்கர்களுக்குப் போக வேண்டியதும் அதுதான். சில பிளேயர்களில் மடக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். 'எல்டி/ஆர்டி' அல்லது 'டால்பி சரவுண்ட்' என்று இருந்தால் அதைப் போடுங்கள். அந்த முறையில் பின் சானலை ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் தலைகீழாகவும் கலப்பதால், கழிக்கும்போது முழுசாகக் கிடைக்கும். சாதாரண 'ஸ்டீரியோ' முறையில், பின் இடதும் பின் வலதும் ஒன்றுபோல இருக்கும் சத்தங்கள் கழிந்துபோகும்.

ஒயரில் கை வைக்கும் முன் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆம்ப்ளியின் இரண்டு கறுப்பு டெர்மினல்களும் கிரவுண்டில் சேர்ந்திருக்கிறதா என்பதுதான் அது. பிளக்கைப் பிடுங்குங்கள், ஸ்பீக்கர்களைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரை ஓமில் வைத்து இடது கறுப்புக்கும் வலது கறுப்புக்கும், பிறகு ஒவ்வொரு கறுப்புக்கும் ஆர்சிஏ சாக்கெட்டின் (பாட்டு உள்ளே வரும் வட்டச் சாக்கெட்) வெளி வளையத்துக்கும் அளந்து பாருங்கள். ஓரிரு ஓமுக்குள் காட்ட வேண்டும். அடுத்து ஆம்ப்ளியை ஆன் செய்து, பாட்டு எதுவும் போடாமல், கறுப்புக்கும் அந்த வளையத்துக்கும் டிசி வோல்ட் பாருங்கள். பூஜ்யம் என்றால் சரி. சப்ளையில் பாதி வோல்ட், உதாரணமாக 24 வோல்ட் அடாப்டருக்கு 12 வோல்ட் காட்டினால் அது பிரிட்ஜ் ஆம்ப்ளி. அதில் கறுப்பும் ஓர் அவுட்புட்தான். ஹாஃப்லர் கணக்கு அதில் செல்லாது, இணைக்கவே வேண்டாம். இப்போது மலிவாகக் கிடைக்கும் டிபிஏ 3116 போர்டுகளும், டிடிஏ 7297 போர்டுகளும் பிரிட்ஜ் வகைதான். டிடிஏ 2030, எல்எம் 1875, எல்எம் 3886 போட்ட வழக்கமான ஸ்டீரியோ போர்டுகளும், 5200/1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட போர்டுகளும் பெரும்பாலும் கறுப்பைக் கிரவுண்டில் வைத்தவை. 4440 ஐசியை இரண்டு விதமாகவும் இணைக்கலாம், பேரை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

இணைப்பு இதுதான். முன் ஸ்பீக்கர்கள் வழக்கம்போலவே இருக்கட்டும். ஆம்ப்ளியின் இடது சிவப்பிலிருந்து ஓர் ஒயர் பின் இடது ஸ்பீக்கரின் பிளஸுக்கு. அதன் மைனஸிலிருந்து பின் வலது ஸ்பீக்கரின் மைனஸுக்கு. அதன் பிளஸிலிருந்து ஆம்ப்ளியின் வலது சிவப்புக்கு. அவ்வளவே. பின் ஸ்பீக்கர்களின் எந்த ஒயரும் கறுப்பைத் தொடக்கூடாது. இப்படிப் போட்டால் இரண்டு பின் ஸ்பீக்கர்களும் ஒன்றுக்கொன்று எதிர் ஃபேஸில் ஓடும், அதாவது ஒன்றின் கூம்பு முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சுட்டிக்காட்ட முடியாதபடி பரவும். நமக்கு வேண்டியதும் அதுதான். காதை அழுத்துவதுபோல் இருந்தால் ஒன்றை மட்டும் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஆனால் பெரும்பாலும் சத்தம் பின்னந்தலையில் ஒரே புள்ளியாகக் குவிந்துவிடும்.

ஆம்ப்ளி தாங்குமா? பின் ஸ்பீக்கர் இரண்டும் தொடரிணைப்பில் 16 ஓம். இடதும் வலதும் முழுக்க எதிரெதிராக ஆடும் மோசமான நேரத்தில் அதன் மேல் இரட்டை வோல்ட் விழும்; ஒவ்வொரு சானலுக்கும் அது 8 ஓம் சுமை போல. முன்னாலும் 8 ஓம் என்றால் மொத்தம் 4 ஓம். எனவே 4 ஓம் தாங்கும் ஆம்ப்ளி வேண்டும். முன்னால் 4 ஓம் ஸ்பீக்கர் போட்டிருந்தால் 2.7 ஓமுக்கு இறங்கிவிடும். அங்கே ஐசி சுடும், புரொடெக்‌ஷன் விழும். அந்த செட்டில் இதைச் செய்ய வேண்டாம்.

பின்னால் சத்தம் அதிகமாகத் தோன்றினால் தொடரில் ஒரு 10 ஓம், 10 வாட் ஒயர்வுண்ட் ரெசிஸ்டர் போடுங்கள். 4 டெசிபல் குறையும். 22 ஓம் போட்டால் ஏழரை. ஆம்ப்ளியின் சுமையும் குறைகிறது. ஸ்பீக்கர் 4 இன்ச் என்றால் 100 மைக்ரோஃபாரட் நான்-போலார் (பிளஸ், மைனஸ் பக்கம் இல்லாத) கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடரில் சேர்க்கலாம். ரெசிஸ்டர் இல்லாத 16 ஓமுக்கு அது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும். பவர் சப்ளை போர்டில் கிடக்கும் சாதாரண கெப்பாசிட்டர் இதற்கு ஆகாது.

இடம்தான் பலர் தப்பு செய்யும் விஷயம். டால்பி டிகோடர்கள் பின் சத்தத்தைச் சுமார் 20 மில்லிசெகண்டு தாமதப்படுத்தும். முதலில் காதுக்கு வருவதே திசையைத் தீர்மானிக்கும் என்பதால்தான் அந்த ஏற்பாடு. வெறும் ஒயருக்குத் தாமதப்படுத்தத் தெரியாது. சத்தம் ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர் போகும். முன் ஸ்பீக்கர் இரண்டரை மீட்டரிலும் பின் ஸ்பீக்கர் ஒரு மீட்டரிலும் இருந்தால் பின்னால் இருப்பது 4 மில்லிசெகண்டுக்கும் மேல் முந்திக்கொள்ளும், காட்சி முதுகுப் பக்கம் சாய்ந்துவிடும். பின் ஸ்பீக்கர்களை சோபாவுக்குப் பின்னால் காதுக்கு நேராக வைக்காதீர்கள். இரண்டு மீட்டர் உயரத்தில், சுவரையோ மேல் மூலையையோ பார்க்கத் திருப்பி வையுங்கள். சுவரில் பட்டு வரும் தூரமே தாமதமாகிவிடும். முன் ஸ்பீக்கர்கள் ஒன்றுக்கொன்று இரண்டு மீட்டர், உட்காரும் இடத்துக்கும் இரண்டு மீட்டர். டைல்ஸ் தரைக்கு ஒரு ஜமுக்காளம் நல்லது.

டிவியில் டிஜிட்டல் ஆடியோ அவுட்டைப் 'பிசிஎம்' என்று வையுங்கள். 'ஆட்டோ'வில் விட்டால் ஆப்டிகல் வழியே டால்பி டிஜிட்டல் போகலாம். டிஜிட்டலை ஆம்ப்ளிக்கு ஏற்ற அனலாக்காக மாற்றும் மலிவு டிஏசி பெட்டிக்கு அது புரியாது, மௌனமோ இரைச்சலோதான் வரும். டிவியின் 'வர்ச்சுவல் சரவுண்ட்' வசதியை அணைத்துவிடுங்கள். அது தானாகவே எதிர் ஃபேஸ் சத்தங்களைச் சேர்ப்பதால் எல்லாம் பின்னால் கொட்டும்.

இனி சோதனை. மொபைலின் அணுகல்தன்மை அமைப்பில் 'மோனோ ஆடியோ'வைப் போட்டு, ஆம்ப்ளியில் பாட்டு ஓடவிடுங்கள். பின் ஸ்பீக்கர்கள் கிட்டத்தட்ட மௌனமாக வேண்டும். ஆகவில்லையென்றால் பேலன்ஸ் குமிழை மெல்லத் திருப்பி, சத்தம் மிகக் குறையும் இடத்தில் நிறுத்துங்கள். இரு பக்கமும் 1 டெசிபல் வித்தியாசப்பட்டாலே வசனம் 19 டெசிபல் கீழே பின்னால் கசியும். 3 டெசிபல் என்றால் 11 டெசிபல் கீழேதான், அது நன்றாகவே கேட்கும். மலிவு வால்யூம் கன்ட்ரோல்களில் குறைந்த நிலையில் இரு பக்கமும் ஒத்துப்போகாது. அப்போது வால்யூம் குமிழைப் பாதிக்கு மேல் வைத்து, சத்தத்தை மொபைலில் குறையுங்கள். பின்னால் வசனம் முழுசாகத் தெளிவாகக் கேட்கிறதென்றால் ஓர் ஆர்சிஏ பிளக் கழன்றிருக்கிறது.

பின்னால் தண்ணீருக்குள் பேசுவதுபோல் சலசலப்பு வந்தால் ஒயரில் குற்றமில்லை. குறைந்த பிட்ரேட்டில் ஒலியைச் சுருக்கும் கோடெக்குகள் இடது-வலது வித்தியாசத்தில்தான் அதிகம் சிக்கனம் பிடிக்கும். முன்னால் மறைந்திருக்கும் அந்தக் குறையை இந்த இணைப்பு தனியாகப் பிரித்துக் காட்டிவிடும். ஆப்பில் ஒலித் தரத்தை உயர்த்துங்கள், புளூடூத்தை விட்டு ஒயருக்கு வாருங்கள்.

மேலிருந்தும் சத்தம் தரும் டால்பி அட்மாஸின் உயரச் சத்தங்கள் இதில் தலைக்கு மேல் கேட்காது. ஸ்ட்ரீமிங் அட்மாஸின் அடிப்படை 5.1தான், டிவி ஸ்டீரியோவுக்கு மடக்கும்போது மேலே என்ற தகவல் மிஞ்சுவதில்லை. '8டி' என்று வரும் பாட்டுகளும் ஹெட்போனுக்கானவை, இங்கே போடாதீர்கள். அதிகம் பலன் தருவது மேடைக் கச்சேரிப் பதிவுகள்: கைதட்டல் முதுகுப் பக்கம் விரியும், பாடகர் முன்னாலேயே நிற்பார். 1960களின் திரைப்பாடல்கள் மோனோ என்பதால் அவற்றுக்குப் பின் ஸ்பீக்கர்கள் பேசாது. அதைப் பழுது என்று நினைத்து ஒயரைப் பிரிக்க வேண்டாம்.