கல்லை எடுத்து வந்த காஹு

விட்டி இஹிமைராவின் ‘தி வேல் ரைடர்’ (1987) நாவலை இன்னும் படிக்காதவர்கள் தயவுசெய்து படியுங்கள். நியூசிலாந்தின் கிழக்குக் கரையில் மாவோரி பழங்குடிகளின் ஓர் ஊர், தலைமை ஆண் வாரிசுக்குத்தான் என்று பிடிவாதமாக நிற்கும் பெரியவர் கோரோ அபிரானா, விரட்ட விரட்ட அவரையே சுற்றிவரும் கொள்ளுப்பேத்தி காஹு. பையன்கள் யாராலும் எடுக்க முடியாத கல்லை அவள் தண்ணீருக்குள் மூழ்கி எடுத்து வருகிறாள், அதைப் பார்த்த கொள்ளுப்பாட்டி நானி ஃபிளவர்ஸ், இப்போதைக்கு கோரோவிடம் சொல்ல வேண்டாம், அவர் இன்னும் தயாராகவில்லை என்கிறாளே, அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. கிழவர் கெட்டவர் இல்லை. மரபு கைவிட்டுப் போகிறதே என்ற பயம்தான் அவரை அப்படி இறுக்கிவிட்டது, ஆனால் அடி வாங்குவது ஒரு சின்னப் பெண்ணின் மனசு. 2002இல் வந்த படத்தை மட்டும் பார்த்தவர்களும் படியுங்கள், நாவலில் கதை சொல்வது அவளுடைய சித்தப்பா ராவிரி, கிழவரும் பாட்டியும் போடும் சண்டையை அவன் வாயால்தான் கேட்க வேண்டும்.