தமிழ் வழியாக ஜெர்மன்: ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 9

ஏ2 வகுப்பு இன்று தொடங்கியது. இணையத்தில்தான், வேலை முடிந்த பிறகு மாலையில். ஏ1 பாடத்தைச் சென்ற ஆண்டு மெதுவாகப் படித்து முடித்திருந்தேன். ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோல் இது. ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். நான் எட்ட நினைப்பது மூன்றாவது படியான பி1.

வகுப்பில் செவிலியர்கள் நிறைய. ஜெர்மனியில் அந்த வேலைக்கு அங்கீகாரம் பெறப் பெரும்பாலும் பி2 கேட்கிறார்கள், அதனால் அவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் முக்கியம். எனக்கு அந்த நெருக்கடி இல்லை. தங்கை குடும்பம் அங்கே இருக்கிறது. அவள் பிள்ளைகள் ஜெர்மனில் சண்டை போட்டு ஜெர்மனிலேயே சமாதானம் ஆகிறார்கள். அந்தப் பேச்சுக்குள் நானும் போக வேண்டும். நாற்பது தாண்டிய பிறகு ஒரு மொழியைத் தொடங்க இந்தக் காரணம் போதும்.

பாடநூலின் விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில். எங்கள் கேள்விகளும் ஆங்கிலத்தில். நடுவில் அந்த மொழி இருந்தே ஆக வேண்டுமா என்று இன்று முதல் தடவையாகத் தோன்றியது.

ஜனவரி 28

இன்று 'வைல்' பாடம். காரணம் சொல்லும் வாக்கியம். இந்தச் சொல் வந்தால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். ஆசிரியர் இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரே சலசலப்பு. வினை வரும் வரை எப்படிக் காத்திருப்பது, அதற்குள் பேச வந்தது மறந்துவிடாதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

நாம் பிறந்ததிலிருந்து காத்துக்கொண்டுதானே இருக்கிறோம்!

பலகையில் இருந்த வாக்கியம்: 'வைல் இஹ் ஹொய்ட்ட ஆர்பைட்டன் முஸ்.' வைல் என்ற சொல்லை எடுத்துவிட்டு மீதியை அப்படியே வரிசையாகத் தமிழில் வைத்தேன். நான், இன்று, வேலை செய்ய, வேண்டும். ஒரு சொல்லைக்கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை. 'கொம்மன் கான்' என்றால் வர முடியும். 'கெஸேன் ஹாப' என்றால் பார்த்து இருக்கிறேன். முதன்மை வினை முன்னால், துணைவினை பின்னால். தமிழில் எப்படியோ அப்படியே. ஆங்கிலம் வழியாகப் போனால் இதையெல்லாம் ஒரு முறை தலைகீழாக்கி, மறுபடி நிமிர்த்த வேண்டும். அந்த வேலையை நான் ஓராண்டாகச் செய்துகொண்டிருந்தேன்.

நம் 'என்று' போல வரும் 'டாஸ்' சேர்த்து எழுதும் வாக்கியமும் இப்படித்தான். அவர் நாளை வருகிறார் என்று தெரியும் என்பதில், 'வருகிறார்' நிற்கும் இடத்தில்தான் ஜெர்மன் வினையும் நிற்கிறது. இந்த 'டாஸ்' 1996 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் வேறு எழுத்தில் முடிந்ததாம். பழைய புத்தகங்களைப் புரட்டினால் அந்த 'எஸ்செட்' எழுத்தைப் பார்க்கலாம்.

பிப்ரவரி 16

தனி வாக்கியத்தில் மட்டும் தமிழ் கைகொடுப்பதில்லை. அங்கே வினை இரண்டாம் இடத்தில் உட்கார்ந்தே தீரும். 'இன்று' என்று தொடங்கினால் அடுத்தது வினை, அதற்குப் பிறகுதான் 'நான்'. தொடங்கும் பகுதி பத்துச் சொல் நீளமாக இருந்தாலும் அது ஒரே இடமாகத்தான் கணக்கு. இதற்குக் குறுக்கு வழி கிடையாது. வாய்விட்டு நூறு தரம் சொல்லிப் பழக வேண்டியதுதான்.

பிரியும் வினைகள் இன்னொரு பக்கம். 'ஆன்ரூஃபன்', அதாவது தொலைபேசியில் அழைப்பது. தனி வாக்கியத்தில் 'ரூஃப' இரண்டாம் இடத்துக்கும் 'ஆன்' கடைசிக்கும் பிரிந்துவிடும். அதே வினை வைல் வாக்கியத்துக்குள் வந்தால் இரண்டும் கடைசியில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இதைக் கண்டதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஒழுங்கில்லாதது போலத் தெரிந்த இடத்துக்குள் இத்தனை கச்சிதம்.

மார்ச் 10

வேற்றுமை. இதைப் பற்றி நிறைய எழுத வேண்டும்.

ஜெர்மனில் வேற்றுமை நான்கு: நோமினாட்டிவ், அக்குஸாட்டிவ், டாட்டிவ், கெனிட்டிவ். அடையாளம் பெரும்பாலும் பெயருக்கு முன்னால் வரும் ஆர்ட்டிக்கிளில் தெரியும். 'டெர் ஹுண்ட்' என்றால் நாய், 'டேன் ஹுண்ட்' என்றால் நாயை, 'டேம் ஹுண்ட்' என்றால் நாய்க்கு. நாம் வாலில் கட்டுவதை அவர்கள் தலையில் கட்டுகிறார்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஐ, ஆல், கு என்று ஒப்பித்த யாருக்கும் இதன் அடிப்படை புதிதில்லை.

வேற்றுமை இருப்பதால் சொற்களை இடம் மாற்றலாம். அந்த ஆளை நாய் கடிக்கிறது என்று எழுதினாலும், நாய் அந்த ஆளைக் கடிக்கிறது என்று எழுதினாலும் கடிபடுவது ஆள்தான். ஜெர்மனிலும் 'டேன் மான்', அதாவது அந்த ஆளை, என்று வாக்கியத்தைத் தொடங்கலாம். தொடங்கிவிட்டார் என்பதற்காக அவர் கடிக்கப்போவதில்லை. ஆங்கிலத்தில் இந்தச் சுதந்திரம் கிடையாது.

ஆனால் என்னை உட்காரவைத்தது டாட்டிவ், நம் 'கு' வேற்றுமை. 'மியர் இஸ்ட் கால்ட்.' எனக்குக் குளிர்கிறது. 'டாஸ் கெஃபெல்ட் மியர்.' அது எனக்குப் பிடிக்கிறது. 'டாஸ் கெஹோர்ட் மியர்.' அது எனக்குச் சொந்தம். உணர்வும் விருப்பமும் நான் செய்யும் காரியமாக வராமல் எனக்கு நேர்வதாக வருகின்றன. நம்முடைய 'எனக்கு' நிற்கும் இடத்தில் 'மியர்' நிற்கிறது. உதவுவதற்கும் இதே வேற்றுமைதான். உனக்கு உதவுகிறேன் என்பதுபோல 'இஹ் ஹெல்ஃப டியர்'. இந்த வினைகளைத் தனிப் பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொல்கிறது பாடநூல். தமிழ் தெரிந்தவருக்கு அந்தப் பட்டியலில் பாதி ஏற்கெனவே தெரியும். யாரும் அவரிடம் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 11

நேற்று எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. சில வினைகள் நம் வழிக்கு வருவதில்லை. உன்னைப் பின்தொடர்கிறேன் என்று நாம் ஐ போடும் இடத்தில் அவர்கள் டாட்டிவ் போடுகிறார்கள். உன்னை வாழ்த்துகிறேன் என்பதும் அப்படியே. எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்று நாம் சொல்வதை, நான் ஒரு தங்கையைக் கொண்டிருக்கிறேன் என்கிற அமைப்பில்தான் அவர்கள் சொல்கிறார்கள். படிக்க வேண்டிய பட்டியல் இது. நீளம் குறைவுதான்.

ஏப்ரல் 6

பால். இங்கே தமிழ் முழுசாகக் கையை விரித்துவிடுகிறது. நமக்கு மேசை அஃறிணை, விஷயம் முடிந்தது. அவர்களுக்கு மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், புத்தகம் இரண்டும் இல்லாத நியூட்ரம். சிறுமியைக் குறிக்கும் 'மெட்ஹன்'கூட நியூட்ரம்தான், ஏனென்றால் 'ஹன்' என்று முடியும் குறுமைப்பெயர்கள் எல்லாம் நியூட்ரம்.

அப்படிப் பார்த்தால் பாலைப் பொருளில் தேடாமல் சொல்லின் முடிவில் தேட வேண்டும். 'உங்', 'ஹைட்', 'கைட்', 'ஷாஃப்ட்', 'ட்ஸியோன்' என்று முடிந்தால் பெண்பால். 'இஸ்முஸ்', 'லிங்' என்று முடிந்தால் ஆண்பால். 'லைன்' என்ற குறுமை விகுதி நியூட்ரம். இத்தனையும் கைவசம் இருந்தால் செய்தித்தாளில் வரும் கனமான சொற்களில் பலவற்றுக்கு யோசிக்கவே வேண்டாம். வீட்டுச் சாமான் போன்ற சின்னச் சொற்கள்தான் சிரமம். அவற்றை ஆர்ட்டிக்கிளோடு சேர்த்தே மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். வயது ஏறினால் மனப்பாடம் நிற்காது என்கிறார்கள். அப்படியே இருந்தாலும் விதியைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்ளும் பொறுமை சின்ன வயதில் எனக்கு இருந்ததில்லை.

ஏப்ரல் 20

உச்சரிப்பு வகுப்பு. சொல்லின் கடைசியில் வரும் மெல்லிய 'க', 'ட', 'ப' மூன்றும் அங்கே வல்லொலியாக மாறிவிடும். எழுத்து மாறாது. பின்னால் ஓர் உயிரொலி சேர்ந்தால் மென்மை திரும்பிவிடும். 'ஹுண்ட்' என்ற சொல்லின் கடைசி மெய் ஒருமையில் ஒரு மாதிரியும் பன்மையில் வேறு மாதிரியும் ஒலிப்பது இதனால்தான். ஒரே எழுத்து இடத்துக்கேற்ப ஒலிப்பதா என்று சிலருக்கு ஆச்சரியம். 'படம்', 'பட்டம்' இரண்டிலும் ட எப்படி ஒலிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள்.

குறில் நெடிலும் உண்டு. நகரத்துக்கு 'ஷ்டட்', அரசுக்கு 'ஷ்டாட்'. வேறுபாடு அந்த ஒரு மாத்திரை மட்டுமே. புதிதாக இருந்தவை உம்லாவுட் ஒலிகள், அதாவது மேலே இரண்டு புள்ளி வைத்த உயிரெழுத்துகளின் ஒலிகள். இ சொல்லிக்கொண்டே உதட்டை உ போலக் குவித்தால் ஒன்று வந்துவிடும். ஏ சொல்லிக்கொண்டே ஓ போலக் குவித்தால் இன்னொன்று.

மே 18

தங்கையிடம் காணொளியில் பேசினேன். அவள் மகன் ஓடிவந்து ஜெர்மனில் ஏதோ கேட்டான், என்னை 'டூ' என்று அழைத்து. தமிழில் பேசினால் 'பெரியம்மா, நீங்க' என்பான். தங்கைக்குச் சங்கடமாகப் போய்விட்டது. எனக்கு இல்லை. அங்கே குடும்பத்துக்குள் வயது எதுவானாலும் டூ தான். 'ஸீ' என்பது கடைக்காரருக்கும் அலுவலகத்தாருக்கும் அறிமுகமில்லாத பெரியவர்களுக்கும். நம்முடைய நீங்கள் மரியாதையைக் காட்டுகிறது, அவர்களுடைய ஸீ இடைவெளியைக் காட்டுகிறது. அவன் ஸீ போட்டிருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

ஜூன் 8

இப்போதெல்லாம் டாய்ச்ச வெல்ல ஒலிபரப்பின் மெதுவான செய்திகளைக் கேட்கிறேன். அன்றைய செய்தியை நிதானமாக வாசிக்கிறார்கள், எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கிறது. அதைப் படிக்கப் போய், எழுத்து ஜெர்மனில் அடிக்கடி வரும் ஓர் அமைப்பில் நின்றுவிட்டேன். ஆர்ட்டிக்கிளுக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு முழு வாக்கியத்தையே செருகி வைக்கிறார்கள். 'டெர் ஃபொன் மைனர் ஷ்வெஸ்டர் கெஷ்ரீபென ப்ரீஃப்.' என் தங்கை எழுதிய கடிதம். நம் பெயரெச்சம் அப்படியே!

பி1க்கு இது அவசியமில்லை, மேல் படிகளில்தான் வரும் என்றார் ஆசிரியர். கடினமானது என்றும் சொன்னார். 'எழுதிய கடிதம்', 'வந்த பையன்', 'நேற்று வாங்கிய புத்தகம்' என்று நாளெல்லாம் பேசுகிறவர்களுக்கு இதைக் கடினமென்று எப்படிச் சொல்வது? தமிழர்களுக்கென்று ஒரு ஜெர்மன் இலக்கணம் எழுதினால், இருபதாவது பாடத்தில் வரும் விஷயங்கள் சிலவற்றை மூன்றாவது பாடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். வேற்றுமை, பெயரெச்சம், குறில் நெடில் என்று நமக்குத் தெரிந்த பெயர்களிலேயே சொல்லலாம். அப்படி ஒன்று என் கைக்கு இதுவரை வரவில்லை. என் குறிப்பேட்டில் தொடங்கிவிட்டேன்.

செப்டம்பர் 27

கோதே நிறுவனம் நடத்தும் பி1 தேர்வின் முடிவு வந்தது. படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் 100, தேற 60 வேண்டும். மூன்றில் தேறிவிட்டேன். பேசுதலில் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு காரியத்தைத் திட்டமிட வேண்டும், பிறகு ஒரு தலைப்பில் பேச வேண்டும். காரணம் சொன்ன இடங்களில் வினை தானாகவே கடைசியில் போய் நின்றது.

கேட்டல் நிற்கிறது. நான்கு பகுதிகளில் இரண்டை ஒரே தடவைதான் ஒலிக்கவிடுவார்கள். அதில் எண்கள் வேறு. இருபத்தொன்று என்று நாம் பெரியதிலிருந்து சிறியதற்குப் போவோம், அவர்கள் ஒன்றில் தொடங்கி இருபதுக்கு வருவார்கள். மணி சொல்லும்போது 'ஹால்ப் டிரை' என்றால் இரண்டரை, அடுத்த மணியை நோக்கிப் பாதி. நான்கு பிரிவையும் மறுபடி எழுத வேண்டியதில்லை, இந்த ஒன்றை மட்டும் எழுதினால் போதும். தங்கை மகன் தினமும் எனக்குத் தொலைபேசி எண்களும் ரயில் நேரங்களும் வாசித்துக் காட்டுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறான். வேகத்தைக் குறைக்க மாட்டானாம். சரி, அதுதான் எனக்கும் வேண்டும்.