ஒரு மூட்டை எத்தனை நாளில் காசாகிறது?

போன வாரம் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவன் எங்கள் செக்குக்கு வந்திருந்தான். பையில் ஒரு கொட்டேஷன். மரச்செக்கு இரண்டு, மோட்டார், வடிகட்டும் மெஷின் எல்லாம் சேர்த்து ஐந்தரை லட்சம். "அண்ணே, இந்த விலை சரியா, வாங்கலாமா?" என்றான். விலை சரிதான். நான் அவனைக் கேட்டது வேறு. "ரொட்டேஷனுக்கு, அதாவது சரக்கு வாங்கி விற்றுச் சுழற்றுகிற கைப்பணத்துக்கு, எவ்வளவு வைத்திருக்கிறாய்?"

கொஞ்சம் யோசித்தான். "செக்கு ஓட ஆரம்பிச்சா அதுவே வந்துடும்ணே."

2018-ல் செஞ்சிப் பக்கம் நான் செக்கு போட்டபோது, இதே கேள்விக்கு இதே பதிலைத்தான் சொன்னேன். அந்தப் பதிலுக்காக இரண்டு வருடம் கஷ்டப்பட்டேன். மனைவியின் நகை இரண்டு தடவை அடகுக்குப் போய்த் திரும்பியது. அதனால் தம்பியை உட்கார வைத்து, ஒரு நோட்டை எடுத்து, எனக்குத் தெரிந்த கணக்கை முழுக்கப் போட்டுக் காட்டினேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன். நீங்கள் தொடங்கப்போவது இட்லி மாவாக இருக்கலாம், மசாலாப் பொடியாக இருக்கலாம், தையல் யூனிட்டாக இருக்கலாம். பொருளை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கு இதுதான்.

எங்கள் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்போம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மணிலா என்று எழுதுவார்கள். மூட்டை 80 கிலோ. பருப்பு கிலோ 110 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூட்டை 8,800 ரூபாய். எங்கள் செக்கில் 80 கிலோ பருப்புக்கு 33-லிருந்து 35 கிலோ வரை எண்ணெய் இறங்கும். 34 கிலோ என்று எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறக்குறைய 915 கிராம்தான் இருக்கும், அதனால் 34 கிலோ என்பது 37 லிட்டர். புண்ணாக்கு 44 கிலோ நிற்கும். கிலோ 45 ரூபாய்க்கு மாடு வைத்திருப்பவர்கள் கையோடு வாங்கிப் போய்விடுவார்கள், 1,980 ரூபாய். மிச்சம் 6,820 ரூபாயை 37 லிட்டருக்குப் பிரித்தால் லிட்டருக்கு 184. பாட்டில், மூடி, லேபிள், கரண்டு, ஆள் கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து இன்னொரு 30. ஆக 214 ரூபாய். நாம் விற்பது 270 ரூபாய் என்றால் லிட்டருக்கு 56 ரூபாய் நிற்கிறது.

தம்பி முகம் மலர்ந்துவிட்டது. மூட்டைக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறதே என்றான். வருகிறதுதான், வீட்டு வாசலில் வந்து வாங்கிப் போகிறவருக்கு விற்றால். கடையில் வைத்தால் கடைக்காரர் 15 சதவீதம் கேட்பார், சிலர் 20 கேட்பார்கள். 270-ல் 20 சதவீதம் 54 ரூபாய். நமக்கு நிற்பது இரண்டு ரூபாய். அந்த இரண்டு ரூபாயும் இன்றைக்கு வராது, கடனில் நிற்கும். இதில் என் சம்பளம் எங்கே இருக்கிறது? காலை ஆறு மணிக்கு உலக்கை பக்கத்தில் நிற்கிற எனக்குக் கூலி போடாமலேயே இந்தக் கணக்கு. முதலில் உங்களுக்கு ஒரு கூலியை எழுதிவிட்டு அப்புறம் லாபத்தை எண்ணுங்கள். நான் எழுதவில்லை. வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்தேன், எடுத்ததையெல்லாம் லாபம் என்று நம்பினேன். உண்மையில் நான் அடுத்த மூட்டைக்கு வைத்திருந்த பணத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரில் நிறைய பேர் எண்ணெயை டின்னாக, 15 கிலோ என்றுதான் கேட்பார்கள். நான் 15 கிலோ டின்னை 15 லிட்டர் விலைக்குக் கொடுத்துவந்தேன். 15 கிலோ என்பது கிட்டத்தட்ட 16.4 லிட்டர். டின்னுக்கு 1.4 லிட்டர் எண்ணெய் சும்மா போனது. ஐந்து மாதம் கழித்து, பருப்பு வாங்கிய கணக்கையும் எண்ணெய் விற்ற கணக்கையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து என் மனைவிதான் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து நோட்டு அவள் கையில். வாங்கியது, ஆட்டியது, விற்றது, வர வேண்டியது என்று நான்கே பத்திதான். அந்த நோட்டு இல்லையென்றால் இந்தச் செக்கு இன்றைக்கு இருக்காது.

சரி, ரொட்டேஷனுக்கு வருகிறேன். ஒரு மூட்டையின் பின்னாலேயே நடந்து பாருங்கள். விற்பனைக்கூடத்தில் வாங்கினால் கையில் காசு வைத்துத்தான் எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் வெயிலில் போட வேண்டும், ஒரு நாள். ஆட்டுவது ஒரு நாள். ஆட்டிய எண்ணெயை எவர்சில்வர் அண்டாவில் ஊற்றி, வாயில் வெள்ளைத் துணி கட்டி வெயிலில் வைத்தால் மண்டி அடியில் படியும், அதற்கு மூன்று நாள். பாட்டிலில் அடைக்க ஒரு நாள். வாரம் முடிந்துவிட்டது. கடைக்குப் போனால் "முப்பது நாள் கழிச்சு வாங்க" என்பார்கள், முப்பது ஐம்பதாகும். ஆகமொத்தம் நாம் கொடுத்த காசு நம் கைக்குத் திரும்பி வர 60 நாள்.

புண்ணாக்குக் காசைக் கழித்துவிட்டால் ஒரு மூட்டைக்கு நம் பணம் ஏறக்குறைய 7,900 ரூபாய் வெளியே நிற்கிறது. வாரத்துக்கு ஒரு மூட்டை ஆட்டினால் எந்த நேரமும் எட்டு ஒன்பது மூட்டைப் பணம் வழியில் இருக்கும், எழுபதாயிரம். மூன்று மூட்டை என்றால் இரண்டு லட்சத்துக்கு மேல். வியாபாரம் நன்றாகப் போகப் போக இந்தத் தொகை ஏறுமே தவிர இறங்காது. இதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. விற்பனை ஏறிய மாதத்தில்தான் கையில் பருப்பு வாங்கக் காசில்லாமல் நின்றேன். செக்கு சும்மா நிற்கிறது, வாடிக்கையாளர் போன் செய்கிறார், ஆள் கூலிக்கு நிற்கிறார், என் பணமோ யாரோ ஒருவருடைய அலமாரியில் பாட்டிலாக இருக்கிறது.

அந்த "யாரோ" எங்கள் பக்கத்து டவுனில் இருந்த ஒரு பெரிய கடை. முப்பது நாள் தவணை என்றார்கள், எழுத்தில் எதுவும் இல்லை. நான் பில்லைத் தூக்கிக்கொண்டு நடந்து நடந்து, 97-வது நாள் பணம் வந்தது. அதிலும் விற்காத 11 பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துக் கழித்துக்கொண்டார்கள். அப்போது எனக்குச் சட்டம் தெரியாது. குறு, சிறு தொழில்களுக்கென்று 2006-ல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. அரசிடம் சிறு தொழில் என்று செய்துகொள்ளும் உத்யம் பதிவு வைத்திருக்கும் உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் வட்டி. 2023-ல் வருமான வரிச் சட்டத்திலும் திருத்தம் கொண்டுவந்தார்கள். நம் பணத்தைக் காலத்தில் தராதவர் அதை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த வருடத்தில்தான் காட்ட முடியும். இப்போது என் பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்திருக்கிறேன். சண்டைக்காக அல்ல. அந்த எண்ணைப் பார்த்தால் கடையின் கணக்கு எழுதுகிறவரே நம் பில்லை மேலே எடுத்து வைக்கிறார். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதாரும் பான் அட்டையும் வைத்துக்கொண்டு அரசின் தளத்தில் நாமே செய்துவிடலாம். இதற்குப் போய் யாருக்கும் ஆயிரம், இரண்டாயிரம் என்று கொடுக்காதீர்கள்.

கடன் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். மாவட்டத் தொழில் மையத்துக்குக் கட்டாயம் போய்ப் பாருங்கள், மானியக் கடன் திட்டங்கள் நல்லவைதான், நானும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில்தான் வாங்கினேன். ஆனால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள். மெஷினுக்கான பணத்தை வங்கி நேராக மெஷின் விற்பவருக்கு அனுப்பிவிடும். மானியமும் நம் கைக்கு வராது, வங்கியிலேயே மூன்று வருடம் நம் பெயரில் நிற்கும், அப்புறம்தான் கடனில் கழியும். மானியம் வந்ததும் பருப்பு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை இப்போதே விட்டுவிடுங்கள். இதற்கு ஒரே வழி, வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையிலேயே நடைமுறை மூலதனத்தை, அதாவது இந்த ரொட்டேஷன் பணத்தை, சரியாக எழுதுவது. என் அறிக்கையை எழுதிக் கொடுத்தவர் மெஷினை ஒவ்வொன்றாக விலை போட்டு எழுதிவிட்டு, நடைமுறை மூலதனத்துக்குக் கடைசியில் ஒரு வரியில் ஒரு சின்னத் தொகையைப் போட்டார். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். மேலே சொன்ன 60 நாள் கணக்கை நீங்களே போட்டு, அந்தத் தாளை அறிக்கையோடு வையுங்கள். வங்கி மேலாளருக்கு அது புரியும்.

இப்போது சொல்லப்போவது எழுதவே மனதுக்குக் கஷ்டமானது. முதல் வருடம் கார்த்திகையில் அறுவடை மல்லாட்டை மலிவாக வந்தது. விலை ஏறுவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று கையில் இருந்ததை எல்லாம் போட்டு 22 மூட்டை எடுத்தேன். மழைக் காலம். காய் சரியாகக் காயவில்லை. அதைச் சிமெண்ட் தரையில், சுவரை ஒட்டி அடுக்கினேன். தை மாதம் அடி மூட்டையைப் பிரித்தபோது கை வைத்தால் சூடு அடித்தது. உள்ளே பருப்பில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. நான்கு மூட்டை.

ஆட்டிவிடலாம், வெயிலில் வைத்தால் தெரியாது என்று ஒருவர் சொன்னார். புண்ணாக்குக்காவது போடலாம் என்று இன்னொருவர். கடலைப் பூஞ்சையில் வருகிற அஃப்லாடாக்சின் ஈரலைக் கெடுக்கும் விஷம். மாடு தின்றால் பாலிலும் இறங்கும். அந்தப் பாலை ஏதோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை குடிக்கும். நான்கு மூட்டையையும் குழி தோண்டிப் புதைத்தேன். அந்த நேரத்தில் அது எங்கள் வீட்டின் மூன்று மாதச் செலவு.

இப்போது வாங்கும்போது நான் பார்ப்பது இதுதான். தோலோடு இருக்கும் காயைக் காதருகே வைத்துக் குலுக்குவேன். காய்ந்ததென்றால் கலகலவென்று சத்தம் வரும், ஈரக் காயில் சத்தம் வராது. பருப்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் சிவப்புத் தோல் உரிந்து வர வேண்டும். கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், பல்லில் அமுங்கினால் அந்தக் குவியலை விட்டுவிடுவேன். மூட்டைக்கு மேலே இருக்கிற பருப்பைப் பார்க்காமல், நடுவில் கை விட்டு எடுத்துப் பார்ப்பேன். வீட்டில் தரைக்கு மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குகிறோம். ஆறு வாரத்துக்கு வேண்டியதற்கு மேல் வாங்குவதில்லை, விலை எவ்வளவு இறங்கினாலும் சரி.

உணவுப் பாதுகாப்புப் பதிவு, லேபிளில் அந்த 14 இலக்க எண், நிகர அளவு, அதிகபட்ச விலை, அடைத்த மாதம், நம் முகவரி, புகாருக்கான போன் எண், இதெல்லாம் கட்டாயம். லேபிளை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்போ வேண்டாம்ங்கிறீங்களா?" என்றான். இல்லவே இல்லை. நல்ல எண்ணெய்க்கு ஆள் இருக்கிறார்கள். எங்களிடம் வாங்கும் ஆசிரியர் குடும்பங்கள் ஆறு வருடமாக வேறு எண்ணெய்க்கு மாறவில்லை, தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னாலேயே முன்பணம் அனுப்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கைதான் இன்றைக்கு எங்கள் ரொட்டேஷனில் பாதி.

நான் அவனுக்குச் சொன்ன வழி இது. கொட்டேஷனை மூன்று மாதம் பெட்டியில் வை. இப்போது ஒரே ஒரு மூட்டை பருப்பு வாங்கு. கூலி கொடுத்து எங்கள் செக்கிலோ வேறு எங்காவதோ ஆட்டிக்கொள். 37 லிட்டரையும் நீயே விற்றுப் பார். பாதியை வீடுகளுக்கு, பாதியைக் கடைகளுக்கு. சொந்தக்காரர்கள் வாங்குவதைக் கணக்கில் சேர்க்காதே, அவர்கள் முதல் தடவை உனக்காக வாங்குவார்கள். இரண்டாம் தடவை யார் தானாகக் கேட்டு வாங்குகிறார்கள் என்று மட்டும் எழுதி வை. கடைசி ரூபாய் கைக்கு வந்த தேதியை நோட்டில் குறி. அப்படியே மூன்று மூட்டை. மூன்று தேதிகள் கிடைத்துவிட்டால் உனக்கு எத்தனை செக்கு வேண்டும், ரொட்டேஷனுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று நீயே எனக்குச் சொல்வாய்.

கூலிக்கு ஆட்டினால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆகும், லாபம் குறையும். அதைப் பற்றி அவன் கவலைப்பட்டான். ஐந்தரை லட்சத்துக்கு மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டு இதே பாடத்தைப் படிப்பதைவிட அது எவ்வளவோ குறைவு என்று வட்டியோடு கணக்குப் போட்டுக் காட்டினேன்.

நேற்று இரவு போன் செய்தான். திண்டிவனத்தில் ஒரு மூட்டை எடுத்துவிட்டானாம், காதில் குலுக்கிப் பார்த்துத்தான் எடுத்தேன் என்றான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்ட வருகிறான். மூடி போட்ட எவர்சில்வர் அண்டா ஒன்றும் இரண்டு முழம் வெள்ளைத் துணியும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நோட்டும்.