அம்மா பிறந்த தோட்டத்தைத் தேடுவோருக்கு

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவரை இந்தியாக்காரர். நீலகிரியில் கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ வந்து இறங்கியதும் சிலோன்காரர். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பியனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர்களின் பிள்ளைகள் அம்மாவின் ஊரைத் தேடும்போது முதலில் இடறுவது ஊர்ப்பெயரில்தான். காரணம், ஒரே தோட்டத்துக்கு இரண்டு பெயர். அம்மா ‘லபுக்கலை’ என்பார், ஆங்கிலப் பதிவில் ‘லபூக்கெலி’ என்றிருக்கும். சில தோட்டங்களில் தமிழ்ப் பெயருக்கும் ஆங்கிலப் பெயருக்கும் ஒட்டே இருக்காது.

அதனால் டிரங்குப் பெட்டியைக் கிண்டும் முன்பே அம்மாவிடம் கேட்டுவிடுங்கள்: பக்கத்து டவுன் எது, மேல்கணக்கா பணியகணக்கா (கீழ்க்கணக்கா), காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களம் எங்கே, வேலை வாங்கிய கங்காணி யார். கணக்கு என்றால் டிவிஷன், தோட்டத்தின் ஒரு பிரிவு. அது தெரியாமல் போனால், பெரிய தோட்டத்தில் லயம் லயமாக (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில்) அலைய வேண்டியதுதான்.

பிறகு காகிதம். பாஸ்போர்ட், குடும்ப அட்டை, இ.பி.எப். (சேமநிதி) தாள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராமாயி ஒன்றில் ‘ராமாய்’, இன்னொன்றில் ‘ராமி’. வயது பெரும்பாலும் குத்துமதிப்பு. பெயரைவிட அப்பா பெயர், தோட்டம், உடன்பிறந்தவர் வரிசை மூன்றும் பொருந்துகிறதா என்பதே முக்கியம். இந்தியாவில் முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமுக்கு வந்த தேதி கிடைத்தால் நல்லது. ஆனால் ‘ராமானுஜம் கப்பல்ல வந்தோம்’ என்பதை மட்டும் வைத்து ஆண்டைப் பிடிக்க முடியாது; தலைமன்னார்–ராமேஸ்வரம் படகுப் போக்குவரத்து 1984-ல்தான் நின்றது.

தோட்டத்துப் பிறப்புகளைத் தோட்ட நிர்வாகியான துரைதான் பதிவாளருக்கு அறிவிப்பார். சான்றிதழ் நகலை இலங்கையில் அந்தப் பகுதிப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். தோட்ட ஆபீஸில் பழைய செக்ரோல் (வேலையாள் பதிவேடு) இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992-ல் திரும்பத் தனியார் நிர்வாகத்துக்கு வந்தன. இந்தக் கைமாற்றங்களில் ஏடுகள் தப்பியிருந்தால் அதிர்ஷ்டம். சிலோன் தோட்டங்களைப் பட்டியலிட்ட பழைய பெர்குசன் டைரக்டரியில் தோட்டப் பெயரையும் அன்றைய உரிமையாளரையும் சரிபார்க்கலாம்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒப்பந்தத்தில் வந்தவர்கள் தாயகம் திரும்பியோர், இந்தியக் குடிமக்கள். 1983-க்குப் பின் வந்த அகதிகளின் பதிவு வேறு. மனுவில் ‘அகதி’ என்று எழுதினால் விண்ணப்பம் தவறான மேசைக்குப் போய்விடும்.

தாத்தாவின் ஊர் ‘சேலம் ஜில்லா, ராசிபுரம்’ என்றிருந்தால் இன்று நாமக்கல்லில் தேடுங்கள், 1997-ல் பிரிந்தது. அங்கே போய் வீட்டுப் பெயர் கேட்டுப் பயனில்லை. குலதெய்வம் எது என்று சொல்லுங்கள். கோயில் வரி வசூலிக்கும் பங்காளிகள், “சிலோனுக்குப் போன வகையறாவா?” என்று கேட்டுவிட்டால், அடுத்த வீட்டை அவர்களே காட்டுவார்கள்.