எங்கே புதைத்தாலும் சரி

ரோமாபுரிக்குத் திருப்பயணம் போகிறவர்கள் பெரும்பாலும் ஒஸ்தியாவுக்குப் போவதில்லை. எங்கள் குழுவிலும் யாருக்கும் அதில் ஆர்வமில்லை. நான்கு பெரிய பசிலிக்காக்களையும் பார்த்தாயிற்று. கடைசி நாளில் செபமாலையும் படங்களும் வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கத்தான் அவர்களுக்கு மனம் இருந்தது. நான் மட்டும் போர்த்தா சான் பாவுலோ நிலையத்தில் ரயில் ஏறினேன். அரை மணி நேரப் பயணம். சட்டைப் பையில் அம்மாவின் செபமாலை. அதில் ஒரு மணி உடைந்துபோன இடத்தில் அவளே போட்ட கறுப்பு நூல் முடிச்சு இருக்கிறது. அந்த இடம் வரும்போது அம்மாவின் விரல் ஒரு கணம் நின்று நகரும். இப்போது என் விரலும் நிற்கிறது.

ஒஸ்தியா ஆந்திகா என்ற நிறுத்தத்தில் இறங்கினால் ஒரு பக்கம் பழைய துறைமுக நகரத்தின் இடிபாடுகள், குடை விரித்தாற்போன்ற பைன் மரங்கள். இன்னொரு பக்கம் ஒரு கோட்டை. அதை ஒட்டி நம் ஊர்த் தெரு அளவுகூட இல்லாத ஒரு குட்டிக் கிராமம். அதற்குள் சாந்த்தா அவுரேயா என்ற கோயில். நான் தேடி வந்தது அங்கே இருக்கிற ஓர் உடைந்த பளிங்குத் துண்டைத்தான்.

1945-இல் இந்தக் கோயிலை ஒட்டிய முற்றத்தில் இரண்டு சிறுவர்கள் விளையாட்டுக் கம்பம் நடுவதற்காகக் குழி தோண்டினார்கள். மண்வெட்டியில் கல் தட்டியது. எடுத்துப் பார்த்தால் எழுத்துகள். திருச்சபையின் பெரும் ஆசிரியரான புனித அகுஸ்தினாரின் தாய் மோனிக்கா அம்மாளுக்கு எழுதப்பட்ட கல்லறைக் கவிதையின் ஒரு பகுதி அது. கவிதை பழைய ஏட்டுப் பிரதிகளில் ஏற்கெனவே இருந்தது. கல் மட்டும்தான் காணாமல் போயிருந்தது. அறிஞர்கள் தேடிக் கிடைக்காததைப் பந்து விளையாட வந்த பையன்கள் கண்டெடுத்தார்கள் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

மோனிக்காவை நாம் அறிந்தது பிரசங்கங்களின் வழியாகத்தான். விசுவாசத்தை விட்டு விலகிப்போன மகனுக்காக அழுதுகொண்டே இருந்த தாய். ‘இவ்வளவு கண்ணீரின் பிள்ளை கெட்டுப்போக முடியாது’ என்று ஓர் ஆயர் அவருக்குச் சொன்ன ஆறுதல். அன்னையர் கூட்டங்களில் இதை எத்தனையோ முறை கேட்டாயிற்று. கேட்டுவிட்டு வீடு திரும்பும் தாய்மார்கள் இன்னும் கொஞ்சம் அழுவார்கள். எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு. மகன் எழுதிவைத்த வாழ்க்கைக் குறிப்பைப் படித்தால், அழுததைவிட அந்த அம்மாள் அதிகமாகச் செய்தது பயணம்.

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் கடற்கரையில் மகன் அவரிடம் பொய் சொன்னான். நண்பன் ஒருவன் கப்பலுக்குக் காற்று பார்த்துக் காத்திருக்கிறான், அவனை வழியனுப்ப வேண்டும் என்றான். தாய் அருகிலிருந்த புனித சிப்ரியானின் நினைவிடத்தில் இரவெல்லாம் செபித்தார். விடிந்தபோது மகன் கடலில். இத்தனைக்கும் பிறகு மகனைத் தேடி அவரும் இத்தாலிக்குக் கப்பல் ஏறினார். நடுக்கடலில் அலை பொங்கியபோது, பயந்த மாலுமிகளுக்கு அந்தக் கைம்பெண்தான் தைரியம் சொன்னார்.

பொய் விஷயத்தில் நானும் சளைத்தவன் இல்லை. சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கோயில் பக்கமே போகமாட்டேன். ஞாயிறு மாலை அம்மா போன் செய்வாள். “பூசைக்குப் போனாயா?” “போனேன்.” “இன்றைக்கு என்ன நற்செய்தி?” முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். அதன்பிறகு அம்மா போன் செய்யுமுன் திருவழிபாட்டு நாள்காட்டியைப் பார்த்து, அந்தப் பகுதியை விவிலியத்தில் எடுத்துப் படித்து வைத்துக்கொள்வேன். பொய் சொல்வதற்காகவே ஆறு வருடம் வாரம் ஒரு நற்செய்திப் பகுதி வாசித்தவன் நான். அம்மாவுக்கு அது தெரியும் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு வாரம்கூடக் கேட்க மறக்கவில்லையே.

387-ஆம் ஆண்டு உயிர்ப்பு விழா இரவில், மிலான் நகரில் ஆயர் அம்புரோஸ் கையால் அகுஸ்தினார் திருமுழுக்குப் பெற்றார். அதே ஆண்டில், ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற ஒஸ்தியாவில் தங்கியிருந்தபோது தாய்க்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பதாம் நாள் இறந்தார், வயது ஐம்பத்தாறு. ஊரில் கணவரின் பக்கத்தில் தமக்கென்று கல்லறை ஏற்பாடு செய்து வைத்திருந்தவர். சொந்த மண்ணில் கண்மூடினால் நல்லது என்று இன்னொரு மகன் நவீஜியுஸ் சொன்னதற்கு அவனைக் கண்டிப்பதுபோல் பார்த்தாராம். “இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள். நீங்கள் எங்கிருந்தாலும் ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.” கடவுளுக்குத் தூரம் என்று எதுவும் இல்லை என்றும் வேறொரு சமயம் சொல்லியிருக்கிறார்.

பிறகு 1430-இல் அவரது திருப்பண்டங்களை, அதாவது எலும்புகளை, ரோமுக்குக் கொண்டுபோனார்கள். பியாற்சா நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில், அகுஸ்தினார் பெயராலான கோயில். ஒஸ்தியாவிலிருந்து திரும்பி நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது மதிய அடைப்பு. படிகளில் உட்கார்ந்து ரொட்டி தின்றேன். திறந்ததும் உள்ளே நுழைந்தால், வாசலுக்கு அருகில் பிள்ளைப்பேற்றுக்கு வேண்டிக்கொள்ளும் மாதா சிலை. சுற்றிலும் நேர்த்திக்கடனாக இளஞ்சிவப்பு, நீல நாடாக்கள், குழந்தைகளின் படங்கள். வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டுகிற கைகள்தாம் இவையும். இடப்பக்க முதல் சிற்றாலயத்தில் கரவாஜியோவின் ஓவியம். திருப்பயணி ஒருவனும் ஒரு கிழவியும் மாதாவின் முன் முழந்தாளிட்டிருக்கிறார்கள். அவனுடைய அழுக்கேறிய உள்ளங்கால்கள் நம்மைப் பார்த்தபடி.

மோனிக்காவின் சிற்றாலயம் பீடத்துக்கு இடப்புறம். அங்கே செபமாலை சொல்லி முடிக்க முடியவில்லை. ரயிலில் வரும்போதே மனதில் ஒரு முள் ஏறியிருந்தது. அகுஸ்தினாரோடு பல ஆண்டுகள் வாழ்ந்து அவருக்கு ஒரு மகனைப் பெற்றுக் கொடுத்த பெண் ஒருத்தி உண்டு. மகனுக்கு நல்ல இடத்தில் மணம் முடிக்க மோனிக்கா பெரிதும் முயன்றார். அதற்குத் தடையென்று அந்தப் பெண்ணை அனுப்பிவைத்தார்கள். இனி வேறொரு ஆணை அறிவதில்லை என்று பொருத்தனை செய்துவிட்டு, பிள்ளையை விட்டுவிட்டு, அவள் ஆப்பிரிக்கா திரும்பினாள். தன் இதயத்தில் இரத்தம் கசிந்ததாக எழுதிய அகுஸ்தினார் அவள் பெயரை எங்கும் எழுதவில்லை. பாட்டி இறந்தபோது வாய்விட்டு அழுது, பெரியவர்களால் அடக்கப்பட்ட சிறுவன் அதேயோதாத்துஸ் அவள் மகன்தான். புனிதையின் கல்லறை முன்னால் நின்று இதை நினைப்பது மரியாதையா என்று தெரியவில்லை. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

ஊர் திரும்பிய பிறகு கல்லறைத் திருநாள் வந்தது. பூசையில் வாசிக்க வேண்டிய பெயர்களைக் கோயில்பிள்ளை எழுதிக்கொண்டிருந்தார். அம்மா பெயரைக் கொடுத்தேன். இன்னொன்றும் உண்டு என்றேன்.

“பெயர்?”

“தெரியாது.”

“எந்த ஊர்?”

“ஆப்பிரிக்கா.”

மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அம்மாவின் பெயருக்குக் கீழே ‘மற்றொரு தாய்’ என்று எழுதிக்கொண்டு, “இதற்கும் ஐம்பது ரூபாய்” என்றார்.