எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் புத்தகம் தேடுகிறவர்களுக்கு: நான் வாசித்துப் பார்த்தவை

எலெக்ட்ரிக் கிட்டார் பாடப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். ஒரு தந்தியை மீட்டும்போது மற்ற ஐந்து தந்திகளையும் எப்படி அடக்கி வைப்பது என்று ஆசிரியர் எங்காவது சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருந்தால் மேற்கொண்டு பக்கங்களைப் புரட்டுவேன். சொல்லவில்லை என்றால் அது நல்ல கிட்டார் புத்தகமாகவே இருக்கலாம். ஆனால் எலெக்ட்ரிக் கிட்டாரை மனத்தில் வைத்து எழுதியது அல்ல.

அக்கூஸ்டிக் கிட்டாரில் விரல் தவறிப் பட்ட தந்தியின் ஒலி சற்று நேரத்தில் ஓய்ந்துவிடும். பெரும்பாலும் காதில்கூட விழாது. எலெக்ட்ரிக்கில் எந்தத் தந்தி அதிர்ந்தாலும், தந்திகளுக்குக் கீழே இருக்கும் பிக்அப் என்ற காந்தச் சுருள் அதை வாங்கிக்கொள்ளும். அதன்மேல் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனையும் ஏற்றினால், பெரிய ஒலி ஓர் எல்லைக்கு மேல் போகாமல் நின்றுவிட, சின்னச் சின்னச் சத்தங்களெல்லாம் மேலேறி வந்து அதற்குச் சமமாக ஒலிக்கும். விரலை எடுக்கும் சத்தம், தந்தியின்மேல் கை வழுக்கும் சத்தம், தொடாத ஆறாம் தந்தி தானாக முனகும் சத்தம், எதுவும் மறையாது. இரவில் வீட்டார் தூங்கிய பிறகு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பழகுகிறவன் நான். அத்தனையும் நேராகக் காதுக்குள் வந்துவிடும். இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் வந்தது அதனால்தான்.

நான் தொடங்கியது ஹால் லியனார்டு கிட்டார் மெத்தட் முதல் புத்தகத்தில். எல்லாவற்றிலும் மெல்லிய முதல் தந்தியில் மூன்றே ஸ்வரங்கள்: வெறுந்தந்தியில் ஈ, முதல் ஃபிரெட்டில் (வீணையின் மெட்டு போன்றது) எஃப், மூன்றாம் ஃபிரெட்டில் ஜி. அடுத்து இரண்டாம் தந்தியில் பி, சி, டி. இந்த ஆறு ஸ்வரங்களை வைத்துக்கொண்டே பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் வரும் ‘ஓட் டு ஜாய்’ பாட்டை வாசிக்க வைத்துவிடுகிறார்கள். பிறகுதான் மூன்றாம் தந்தி. இப்படித் தந்தி தந்தியாகப் போகும் முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. புதிதாக ஒரு ஸ்வரம் வந்தால் அதைப் பயன்படுத்த உடனே ஒரு பாட்டும் வரும். கண் ஸ்வரக்கோட்டில் (ஸ்வரங்களை எழுதும் ஐந்து கோடுகளில்) இருக்கும்போதே விரல் தன் இடத்துக்குப் போய்ச் சேரும் பழக்கம் எனக்கு அங்கேதான் உண்டானது.

ஆனால் அந்த முதல் புத்தகம் எந்தக் கிட்டாருக்கும் பொதுவானது. அதில் கற்றுக்கொண்டதை ஆம்ப்பில், அதாவது எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலிபெருக்கியில், வாசிக்கலாம். ஆம்ப்பைக் கையாளக் கற்க முடியாது. முதல் ஐந்தாறு பாடங்களுக்கு அது ஒரு குறையும் இல்லை. ‘ராக் கிட்டார்’ என்று அட்டையில் தீப்பொறி பறக்கும் புத்தகங்களைவிட, விரலுக்குப் படிக்கக் கற்றுத்தரும் இப்படிப்பட்ட சாதுவான புத்தகத்தில் தொடங்குவதே நல்லது என்பேன்.

அடுத்து எடுத்தது வில்லியம் லெவிட் எழுதிய ‘எ மாடர்ன் மெத்தட் ஃபார் கிட்டார்’ முதல் தொகுதி. பாஸ்டனில் இருக்கும் பெர்க்லீ இசைக் கல்லூரியின் கிட்டார் துறையை நடத்தியவர் லெவிட். புத்தகம் 1966இல் வந்தது. மொத்தம் மூன்று தொகுதிகள். எந்தத் தந்தி, எந்த ஃபிரெட் என்று எண்ணால் காட்டும் டேப்லேச்சர் இதில் கிடையாது. தெரிந்த பாட்டும் கிடையாது, எல்லாமே பாடத்துக்காக அவரே இயற்றியவை. தெரிந்த பாட்டானால் காது முந்திக்கொண்டு கண்ணுக்கு வேலையில்லாமல் செய்துவிடும். இங்கே அந்த வழி அடைபட்டிருப்பதால், படித்தால்தான் வாசிக்க முடியும். சி மேஜர் ஸ்கேலின் ஸ்வரங்களை ஆறு தந்திகளிலும் தொடக்கத்திலேயே விரித்து வைத்துவிடுகிறார். ஏற்றம் செங்குத்தானது. முதல் புத்தகமாக இதை யாருக்கும் சொல்ல மாட்டேன். இரண்டாவதாக இதைவிடச் சிறந்ததை இதுவரை பார்க்கவில்லை.

இதில் இருவர் சேர்ந்து வாசிக்க வேண்டிய டூயட்டுகள் நிறைய. பக்கத்தில் வாசிக்க ஆள் இல்லாததால், இரண்டாம் பகுதியைத் தாளம் தட்டும் மெட்ரனோம் கருவியோடு கைபேசியில் பதிவு செய்துவிட்டு, அதை ஓடவிட்டு முதல் பகுதியை வாசிக்கிறேன். தாளத்தை எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறோம் என்பதை இதைவிட நன்றாக எதுவும் காட்டுவதில்லை. மெட்ரனோம் என் தப்பைப் பொறுத்துக்கொண்டு தன் பாட்டுக்கு ஓடும். என் பதிவோ நான் இழுத்த இடத்தில் இழுக்கும், ஓடிய இடத்தில் ஓடும். இரண்டு பகுதியும் உட்கார்ந்து பொருந்தும் வரை அடுத்த பக்கத்துக்குப் போவதில்லை.

டேப்லேச்சர் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைச் சோம்பேறிகளின் குறுக்குவழி என்று சிலர் ஒதுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கிட்டாரில் ஒரே ஸ்வரம் பல இடங்களில் கிடைக்கும். முதல் தந்தியை வெறுமனே மீட்டினால் வரும் ஈ, இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃபிரெட்டிலும், மூன்றாம் தந்தியின் 9ஆம் ஃபிரெட்டிலும், நான்காம் தந்தியின் 14ஆம் ஃபிரெட்டிலும் உண்டு. சுருதி ஒன்றுதான், ஒலியின் நிறம் வேறு. எந்த இடத்தில் வாசிப்பது என்று சொல்ல டேப்புக்கு இணையில்லை. அது பழைய முறையும்கூட. ஸ்பெயின் நாட்டு லூயிஸ் மிலான் விஹுவேலா என்ற வாத்தியத்துக்காக ‘எல் மேஸ்ட்ரோ’ என்ற பாடநூலை 1536இல் வலென்சியாவில் அச்சிட்டது டேப்லேச்சரில்தான். ஆனால் அந்தக் கால டேப்பில் எண்களுக்கு மேலே ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்ற குறியும் இருக்கும். இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டேப்புகள் பலவற்றில் அது இல்லை. எங்கே என்று தெரியும், எப்போது என்று தெரியாது. ஆகவே என் இரண்டாவது நிபந்தனை: டேப் இருக்கட்டும், அதன் மேலே ஸ்வரக்கோடும் இருக்கட்டும். வெறும் டேப் மட்டும் உள்ள புத்தகத்தை வைத்துவிடுவேன்.

இந்த நிபந்தனைகளுக்கு ஈடுகொடுத்தது ட்ராய் ஸ்டெட்டினாவின் ‘மெட்டல் ரிதம் கிட்டார்’ முதல் தொகுதி. மெட்டல் இசை பிடிக்காதவர்களுக்கும் இதைச் சொல்வேன், வலது கைக்கு ஆகிற நன்மைக்காக. பாடம் பவர் கார்ட்களில் தொடங்குகிறது. கார்ட் என்றால் சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது; நம் கணக்கில் சொன்னால் பவர் கார்ட் என்பது ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும். காந்தாரம் இல்லாததால் அது மேஜரும் அல்ல, மைனரும் அல்ல. டிஸ்டார்ஷன் ஏற்றிய பிறகு காந்தாரத்தையும் சேர்த்துப் பாருங்கள், ஒலி கலங்கிப் போகும். ஸ-ப மட்டும் வாசித்தால் கனமாகவும் தெளிவாகவும் நிற்கும். ராக் இசை முழுக்க இந்த இரட்டைச் ஸ்வரம் நிறைந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

பிறகு வருகிறது பாம் மியூட்டிங், அதாவது வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகளின்மேல் வைத்து அடக்கி மீட்டுவது. பக்கத்தில் டேப்புக்கு அருகே ‘பி.எம்.’ என்று போட்டுப் புள்ளிக்கோடு ஓடும். கையில் அது மில்லிமீட்டர் கணக்கு. உள்ளங்கை ஓரம், தந்திகள் கிட்டாரின் உடலில் வந்து தாங்கும் பிரிட்ஜின்மேலேயே இருந்தால் தந்தி அடங்காது. பிக்அப் பக்கம் சற்று அதிகம் நகர்ந்தால் சுருதியே தெரியாமல் வெறும் ‘டொக்’ என்று விழும். தந்தி பிரிட்ஜைத் தொடும் இடத்தில் பாதி கை அங்கேயும் பாதி கை இங்கேயும் இருக்கும்போதுதான், சுருதியும் தெரிந்து இறுக்கமாகவும் ஒலிக்கும் அந்த நாதம் பிறக்கிறது. அதைக் கண்டுபிடித்த இரவு நான் வேறு எதையும் வாசிக்கவில்லை. ஆறாம் தந்தி ஒன்றையே தட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

பெண்டிங்கில்தான் நிறைய நேரம் செலவானது, இன்னும் செலவாகிறது. வீணையில் மெட்டின்மேலேயே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து கமகம் கொண்டுவருகிறார்களே, கிட்டாரில் பெண்டிங் செய்வதும் அதே வேலைதான். எங்கள் வீட்டில் அக்கா வீணை கற்றவள். அவள் என் பயிற்சியைக் கேட்டுவிட்டு, “போய்ச் சேர வேண்டிய ஸ்வரத்தை முதலில் பாடு, பிறகு இழு” என்றாள். நல்ல புத்தகங்களும் இதையேதான் வேறு விதமாகச் செய்யச் சொல்கின்றன. இரண்டாம் தந்தி 5ஆம் ஃபிரெட்டில் ஈ ஸ்வரத்தை மீட்டு. பிறகு மூன்றாம் தந்தி 7ஆம் ஃபிரெட்டில் டி. அதை இழுத்து அதே ஈ வரை கொண்டுபோ. இலக்கு எது என்று முன்கூட்டியே காதுக்குத் தெரிவதால், குறைந்தாலும் மிஞ்சினாலும் உடனே பிடிபடும்.

மோதிர விரல் இழுக்க, நடுவிரலும் ஆள்காட்டி விரலும் பின்னால் அதே தந்தியில் துணைக்கு நிற்க வேண்டும். தந்தியை மேலே தள்ளும்போது அது நான்காம் தந்தியையும் சேர்த்துத் தள்ளும். திரும்ப இறக்கும்போது அந்த நான்காம் தந்தி விடுபட்டுக் ‘கிணுங்’ என்று ஒலிக்கும். பலர் பெண்டிங்கில் கேட்கும் அழுக்கு இந்த இடத்தில்தான் சேருகிறது. ஆள்காட்டி விரலின் நுனி நான்காம் தந்தியைத் தொட்டபடி இருக்கட்டும், அதே விரலின் அடிப்பக்கம் முதல் இரண்டு தந்திகளின்மேல் சாய்ந்திருக்கட்டும், தடித்த தந்திகளை வலது உள்ளங்கை பார்த்துக்கொள்ளட்டும். பெண்டிங் பாடத்தில் அம்புக்குறியை மட்டும் வரைந்துவிட்டு நகரும் புத்தகங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. படிக்கிறவர் தன் கையில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்.

வாங்குகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். ஒலிப்பதிவு இல்லாத புத்தகம் தனியாகக் கற்கிறவருக்குப் பாதிப் புத்தகம்தான். பழைய பதிப்புகளில் சிடி ஒட்டியிருக்கும், புதியவற்றில் இணையத்தில் கேட்க ஒரு குறியீட்டு எண் அச்சாகியிருக்கும். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைத்துக் கேட்கும் வசதி சிலவற்றில் உண்டு, அது பெரிய வரம். நான் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒன்றில் சிடி உறை மட்டும்தான் இருந்தது, சிடியைக் காணோம். வாங்கும்போதே கடைசி அட்டையைத் திறந்து பாருங்கள். ஒட்டு பைண்டிங் போட்ட புத்தகம் ஸ்டாண்டில் விரிந்து நிற்காது. ஜெராக்ஸ் கடையில் கொடுத்து முதுகை வெட்டி ஸ்பைரல் போட்டுக்கொள்ளலாம். செலவு சொற்பம், இரண்டு கையும் கிட்டாரிலேயே இருக்கும்.

டிரினிட்டி, ராக்ஸ்கூல் தேர்வுகளுக்கான கிரேடு புத்தகங்களும் நம் ஊர்களில் கிடைக்கின்றன. ஆசிரியர் இருந்தால் நல்லவை. தனியாகக் கற்கிறவருக்குப் பாட்டுகள் கிடைக்கும், ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குப் போகும் வழியை யாராவது காட்ட வேண்டும்.

இப்போது லெவிட்டில் இடம் மாற்றி நகர்த்தக்கூடிய கார்ட் வடிவங்களுக்கு வந்திருக்கிறேன். ஸ்டெட்டினாவில் பாம் மியூட்டிங் வேகம் கூடும் பாடங்கள் போகின்றன. முதல் அரைமணி அது, பிறகு இது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டெட்டினாவின் ‘ஸ்பீட் மெக்கானிக்ஸ் ஃபார் லீட் கிட்டார்’ புத்தகத்தை வாங்கச் சொல்லி நண்பர் ஒருவர் வற்புறுத்துகிறார். பெண்டிங் சுத்தமாக வரும் வரை வேகத்துக்கான புத்தகம் வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.